மாமன் தயிரும் மஞ்சள் ரேஸ் காரும்

ஓலைப்பாறைக்காரர்களிடம் மட்டும் வழி கேட்டுவிடாதீர்கள். கேட்டால் வாயால் சொல்ல மாட்டார்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு போய், நீங்கள் புறப்பட்ட ஊரிலேயே கொண்டு விட்டு, "இங்கயிருந்துதானே வழி ஆரம்பிக்கி? இனி வாங்க, காட்டுதோம்" என்று முதலில் இருந்து சரியாகக் காட்டுவார்கள். அவ்வளவு நல்ல மனசு.

அந்த ஊரில் நாலு சிநேகிதர்கள். பால்வண்ணம் யோசிப்பார். அவர் யோசித்ததைக் கோமதிநாயகம் சந்தேகப்படுவார். இரண்டும் முடிந்து எது மிஞ்சுகிறதோ அதைத் தளவாய் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். நாலாமவர் வெள்ளத்துரை. அவருக்குக் கொஞ்சம் புளியந்தோப்பு, ஒரு பழைய டிராக்டர், இளகின மனசு. நம் கதை அவரைப் பற்றியது.

பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு "ஈரம், கவனம்" என்று பலகை வைத்திருந்தார்களே, அந்தச் சுவரைக் காயும்வரை வெயிலில் நின்று கவனித்தவர்கள் இந்த நாலு பேர்தான். சுவர் காய்ந்து பலகையை எடுத்த பிறகும் கோமதிநாயகம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கவனித்தது போதும் என்று யாரும் எழுதி வைக்கவில்லையாம்.

ஓலைப்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் தன் கையால் பாலைக் காய்ச்சி, புதுச்சட்டியில் உறையூற்றி, அந்தத் தயிரைத் தாலி கட்டும் முன் மணவறையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். மேலே படிந்திருக்கிற ஆடையில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. ஆடை கலையாமல் வந்தால் பெண்ணின் வாழ்க்கையும் குலுங்காமல் போகும் என்பது கணக்கு. இதற்கு மாமன் தயிர் என்று பெயர்.

வெள்ளத்துரைக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணமும் கட்டவில்லை. கூடப் பிறந்தது என்று இருப்பது கருவேலங்குளத்தில் வாக்கப்பட்ட தங்கச்சி சண்முகவடிவு ஒருத்திதான். அவளுடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு இவர் தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனார். கருவேலங்குளம் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் தாமதமாகப் போய், தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது இவர் இறங்கினார். சட்டியில் இருந்தது மோர். சட்டைப் பையில் கொஞ்சம் வெண்ணெயும் இருந்தது.

அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள்தான் சண்முகவடிவு. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினால் திரும்பி வந்தது. வெள்ளத்துரை அந்தப் பலகாரத்தைத் தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் வைத்திருந்து, கடைசியில் எறும்பு தின்பதைப் பார்த்து அழுதார்.

இப்போது இளையவள் செண்பகாவுக்குக் கல்யாணம். சண்முகவடிவு அதே டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தாள். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி நின்று ஒப்பித்தார்.

"வே, உம்ம தங்கச்சி சொல்லச் சொன்னா. முகூர்த்தத்துக்கு முன்னால வரணுமாம். தயிராத்தான் வரணுமாம். இல்லேன்னா சித்தப்பா மகன் மாமன் இடத்துல நிப்பானாம். அதுக்கப்புறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லன்னு சொல்லிரச் சொன்னா."

வெள்ளத்துரை, "அந்த ரோட்டுல வேகமாவும் போணும், குலுங்காமலும் போணும்னா எப்படிவே போறது?" என்று கேட்டார்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி சிரித்தார். "ரேஸ் கார் வாங்கிட்டுப் போரும்."

மற்ற ஊர்க்காரனாக இருந்தால் அவனும் சிரித்திருப்பான். வெள்ளத்துரை அன்றைக்கே புளியந்தோப்பைக் குத்தகைக்கு விட்டார்.

திருநெல்வேலி பைபாஸில் பழைய கார் விற்கிற செல்வின் என்பவரைத் தேடி நாலு பேரும் போனார்கள். கையில் மாதிரிக்கு ஒரு தயிர்ச்சட்டி. ரேஸ் கார் என்று கேட்டதும் செல்வின் இவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வியாபாரம் வியாபாரம்தானே என்று கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். தரையோடு தரையாக, காருக்கு இரண்டு கதவு, இரண்டே சீட்டு, ஒரே மாதிரி இரண்டு கார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே இஞ்சின். வித்தியாசம் அடியிலதான். சிவப்புல இருக்கது அடாப்டிவ் சஸ்பென்ஷன். ரோட்டுக்குத் தகுந்தாப்ல அது தன்னை மாத்திக்கிடும். பள்ளம் வந்தா எளகிக் குடுக்கும், வளைவு வந்தா இறுகிக்கிடும். உள்ள இருக்கவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. மஞ்சள்ல அது கெடையாது. சாதா ஸ்பிரிங்தான். ரோடு எப்படியோ அப்படியே இடுப்புக்கு வந்து சேரும். ஆனா கெட்டுப்போறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. சிவப்புல ஒரு சாமான் போச்சுன்னா செலவு உங்கள உக்கார வெச்சிரும்."

"உக்காந்து போவத்தானே வாங்குதோம்" என்றார் தளவாய்.

செல்வின் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டுலயும் உக்காந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் மீன் குழம்பை முடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வரும்போது வெள்ளத்துரை மடியில் தயிர்ச்சட்டியோடு மஞ்சள் காரில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மற்ற மூவரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி சுற்றி நின்றார்கள்.

"சிவப்புல முக்கா மணி நேரம் உக்காந்தோம். ஒரு சொட்டு அசையல. மஞ்சள்லயும் அதே மாதிரி உக்காந்தோம். அதுலயும் அசையல. ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று பால்வண்ணம் தீர்ப்புச் சொன்னார்.

"ஓட்டிப் பாத்தாத்தானேய்யா தெரியும்!"

"அப்ப உக்காந்து பாருங்கன்னு எதுக்குச் சொன்னீரு?" என்று கோமதிநாயகம் சந்தேகத்தோடு கேட்டார். இந்த ஆள் பேச்சு மாறுகிறவர் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

செல்வின் வேறு வழியில்லாமல் தானே ஸ்டியரிங்கைப் பிடித்து, வெள்ளத்துரையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குளத்தங்கரைப் பாதையில் சிவப்பு வண்டியை விட்டார். குண்டும் குழியுமான பாதை. சட்டியில் தயிர் படுத்த படுக்கையாகக் கிடந்தது. வெள்ளத்துரைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த ஆடையை இப்படியே வடிவு முன்னால் கொண்டுபோய் வைத்தால் அவள் எப்படிப் பேசாமல் இருப்பாள்? அடுத்து அதே பாதையில் மஞ்சள் வண்டி. முதல் குழியிலேயே தயிர் எழும்பி மீசையில் ஒட்டியது. இரண்டாம் குழியில் செல்வினுடைய மூக்குக் கண்ணாடிக்குப் போனது.

"இப்பத் தெரிஞ்சுதா அண்ணாச்சி?" என்று செல்வின் கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லாத் தெரிஞ்சுது. சிவப்பே போதும்" என்றார் வெள்ளத்துரை. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பால்வண்ணம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நாலு பேரும் கொட்டகை நிழலில் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"வே வெள்ளத்துரை, சிவப்பு வண்டியில போனீரே, பாதையில பள்ளம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உமக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியல."

"இருந்த பள்ளத்தை இல்லாத மாதிரி காட்டிருக்கு. அப்ப அந்த வண்டி உம்மகிட்ட மறைச்சிருக்குல்லா?"

வெள்ளத்துரை திடுக்கிட்டார். அவர் இந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

"மஞ்சள் வண்டி?" என்று பால்வண்ணம் விடாமல் கேட்டார்.

"ஒவ்வொரு பள்ளத்தையும் சொல்லிச்சு."

"உள்ளதை உள்ளபடி சொல்லுத வண்டி எங்க, வாங்குததுக்கு முன்னாலயே மறைக்கிற வண்டி எங்க. வாங்கின பொறகு இன்னும் என்னென்ன மறைக்குமோ?"

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். "எனக்கு வேற ஒரு சந்தேகம். ரோட்டுக்குத் தகுந்தாப்ல தன்னை மாத்திக்கிடும்னாரே, நம்ம ஊரு ரோடு எப்படிப்பட்ட ரோடு?"

"மோசமான ரோடு" என்றார் தளவாய்.

"அப்ப வண்டி எப்படி மாறும்?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவப்பு வண்டி வெயிலில் பளபளவென்று, ஒரு தப்பும் தெரியாமல் நின்றது. தளவாய்க்கு மனசு கேட்கவில்லை. "நல்ல ரோட்டுல வளந்த பிள்ளை. நம்ம ரோட்டோட சேந்து கெட்டுப்போச்சுன்னா அந்தப் பாவம் நமக்குத்தான் வே" என்றார்.

"அதெல்லாம் சரி, மஞ்சள் வண்டியில தயிரு மீசைக்கு வருதே!" என்று வெள்ளத்துரை பரிதாபமாகக் கேட்டார். "எனக்கு வண்டி முக்கியமில்லவே. வடிவு என்கூடப் பேசணும்."

பால்வண்ணம் அவருடைய தோளில் கை வைத்தார். "ஒரு இரும்புச் சாமானுக்கு ரோட்டைப் பாத்து எளகத் தெரியுது. நாலு மனுசனுக்குத் தெரியாதா? மஞ்சளை வாங்கும். சஸ்பென்ஷனா நாங்க வாரோம்."

இப்படி ஒரு வார்த்தை சொல்ல வெள்ளத்துரைக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். செல்வின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "சிவப்பை எடுத்துக்கிடுங்க, மஞ்சள் விலைக்கே தாரேன்" என்றுகூடச் சொன்னார். விலையைக் குறைத்ததும் கோமதிநாயகத்தின் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

கடைசியில் செல்வின் சாவியைக் கொடுத்துவிட்டு, "வண்டி ரொம்பத் தாழ்வு. வேகத்தடையைப் பாத்தா நேரா ஏத்தாதிய. பள்ளத்தைப் பாத்தா பதமா இறக்குங்க" என்றார்.

கல்யாணத்தன்று விடியும்போது ஓலைப்பாறையே ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. மஞ்சள் காரின் இடது சீட்டில் தயிர்ச்சட்டி, பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வலது சீட்டில் பட்டு வேட்டியோடு வெள்ளத்துரை. வெளியே சஸ்பென்ஷன் தயாராக நின்றது. தளவாயின் தலையில் வெள்ளத்துரையின் இலவம்பஞ்சு மெத்தை. கோமதிநாயகத்தின் இரண்டு கக்கத்திலும் தலையணை. பால்வண்ணத்தின் கையில் ஒன்றும் இல்லை. அவர்தான் மூளை.

ஏற்பாடு ரொம்பச் சுலபம். கருவேலங்குளம் ரோட்டில் இடது ஓரமெல்லாம் சின்னக் குழி. வலது ஓரமெல்லாம் மாடு படுக்கிற அளவுக்குப் பள்ளம். அதனால் இடப்பக்கம் கோமதிநாயகம், வலப்பக்கம் தளவாய். பால்வண்ணம் முன்னால் ஓடி, குழியைக் கண்டால் "எளகு!" என்பார். சின்னக் குழியில் தலையணை விழும், பெரிய பள்ளத்தில் மெத்தை விழும். வண்டி அதன்மேல் மெதுவாக ஏறி இறங்கும். பிறகு பின்னால் இருந்து அள்ளிக்கொண்டு மறுபடியும் முன்னால் ஓட வேண்டும். வளைவு வந்தால் "இறுகு!" என்பார். அப்போது மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இறுக்கிக்கொள்வார்கள். அதனால் வண்டிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள். அடாப்டிவ் என்றால் அப்படித்தான்.

உள்ளபடியே தயிர் அசையவில்லை. வெள்ளத்துரை கண்ணாடி வழியே ரோட்டை ஒரு பார்வை, சட்டியை ஒரு பார்வை என்று பார்த்துக்கொண்டே போனார். ஆடை அப்படியே இருந்தது. ஒரே ஒரு குறை, ரேஸ் காரை வழியில் ஒரு வாத்துக் கூட்டம் முந்திக்கொண்டு போனது. பின்னால் வந்த டவுன் பஸ் ஆரன் அடித்துத் தாண்டியது.

"என்னவே இது?" என்று படியில் தொங்கியபடி கண்டக்டர் கத்தினார்.

"நீரு சொன்னீருல்லா, ரேஸ் கார்!" என்று வெள்ளத்துரை நன்றியோடு கும்பிட்டார். கண்டக்டர் அந்த நிமிஷத்தில் இருந்து பயணிகளிடம் வேடிக்கையாக எதுவும் சொல்வதில்லை என்று கேள்வி.

பாதி வழியில் புதிதாகத் தார் போட்ட ரோடு வந்தது. பாய் விரித்த மாதிரி ஒரு குழி இல்லை, ஒரு மேடு இல்லை. பால்வண்ணம் ஓடுவதை நிறுத்திவிட்டார். வெள்ளத்துரை சும்மா காலை வைத்தார். அவ்வளவுதான், வண்டி ஒரு உறுமல் உறுமி அம்பாகப் பாய்ந்தது. மரங்கள் ஓடின. தயிர் நிம்மதியாக இருந்தது. ஐயோ, இவ்வளவு வேகமா என்று வெள்ளத்துரைக்குச் சிரிப்பு வந்தது. இப்படியே போனால் முகூர்த்தத்துக்கு முந்தி என்ன, மாப்பிள்ளை வருவதற்கு முந்தியே போய்விடலாம். வடிவு வாசலில் நின்று "வா அண்ணே" என்று சொல்வது காதில் கேட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். சஸ்பென்ஷனைக் காணோம்.

சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் தயிரை வைத்துக்கொண்டா இவ்வளவு தூரம் வந்தோம்! உடனே வண்டியைத் திருப்பி, வந்த வழியே போய் மூன்று பேரையும் கண்டுபிடித்தார். தளவாய் மெத்தையை மர நிழலில் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"எங்களை விட்டுட்டுப் போயிட்டீரே, ஏதாவது ஆயிருந்தா?" என்று கோமதிநாயகம் கோபித்துக்கொண்டார்.

"தெரியாமப் போயிட்டேன்வே."

"நல்ல ரோட்டுலதான் கவனமா இருக்கணும். பள்ளம் இருந்தா நாம பாத்துக்கிடுவோம். பள்ளமே இல்லாத எடத்துல நாம எதைப் பாத்துக்கிடுறது?" என்றார் பால்வண்ணம். அதனால் அந்த நல்ல ரோடு முழுவதையும் எல்லாரையும்விட மெதுவாக, ஒவ்வொரு அடியிலும் தலையணை போட்டுக் கடந்தார்கள்.

கருவேலங்குளம் வந்துவிட்டது. நாயனச் சத்தம் கேட்டது. தெருக்கோடியில் வாழைமரம் கட்டின கல்யாண மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு வேகத்தடை.

வேகத்தடையைப் பார்த்தால் நேராக ஏற்றாதே என்று செல்வின் சொன்னது வெள்ளத்துரைக்கு ஞாபகம் இருந்தது. அதனால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஏற்றினார். வண்டியின் வயிறு வேகத்தடையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. முன்சக்கரமும் தரையில் இல்லை, பின்சக்கரமும் தரையில் இல்லை. சீசா பலகை மாதிரி முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது. சட்டிக்குள் தயிர் ஓரம்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"ஒருத்தரும் மூச்சு விடாதிய!" என்று வெள்ளத்துரை உள்ளே இருந்து கத்தினார். மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள். மண்டபத்தில் கெட்டிமேளத்துக்குத் தவிலைத் தட்டிப் பார்க்கிற சத்தம். மாமன் இடத்தில் சித்தப்பா மகன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. வெள்ளத்துரைக்கு உலகமே இருண்டது. இத்தனை தூரம் குலுங்காமல் கொண்டுவந்து, கூப்பிடு தூரத்தில் தங்கச்சியை இழக்கப் போகிறோம் என்று வாய்விட்டு அழுதுவிட்டார்.

அந்த அழுகையைக் கேட்டதும் தளவாய்க்கு யோசனையும் தேவைப்படவில்லை, சந்தேகமும் தேவைப்படவில்லை. மெத்தையை வேகத்தடையின் அந்தப் பக்கம் வீசினார். தலையணைகளைப் பிடுங்கி அதன்மேல் எறிந்தார். வண்டியின் பின்புறத்தைத் தோளால் ஒரு முட்டு முட்டினார். வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பஞ்சின்மேல் இறங்கியது. குழந்தையைத் தொட்டிலில் போட்டால்கூட அவ்வளவு பதமாக விழாது.

வெள்ளத்துரை சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார். ஐயர் தாலித் தட்டை எடுத்தவர் அப்படியே நின்றார். சண்முகவடிவு மணவறையில் இருந்து இறங்கி வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டிக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பொன்னிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், முழுசாக இருந்தது ஆடை.

"அண்ணே" என்றாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்த ஒரு சொல்லுக்காக வெள்ளத்துரை இன்னும் பத்துத் தோப்பைக் குத்தகைக்கு விட்டிருப்பார். அண்ணனும் அழுதார், தங்கச்சியும் அழுதாள். சட்டி அசையக் கூடாதே என்று இருவரும் உடம்பை அசைக்காமலே அழுதார்கள். தாலி கட்டியாகிவிட்டது. சித்தப்பா மகன் யாரும் சொல்லாமலே பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்து, வழக்கப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் மாமன் தயிரில் ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட வேண்டும். செண்பகா கரண்டியை எடுத்ததும் சண்முகவடிவு பாய்ந்து கையைப் பிடித்தாள். அவளும் ஓலைப்பாறையில் பிறந்தவள்தானே!

"என்ன காரியம் பண்ணப் போன! இதுல கரண்டியை வெச்சா கீறல் விழுந்துராதா?"

மாப்பிள்ளையின் அப்பா, "சம்பந்தி, தயிருன்னா திங்கத்தானே" என்று இழுத்தார்.

"எங்க அண்ணன் உசிரைக் குடுத்துக் கலையாமக் கொண்டாந்துருக்கு. இதைப் போயிக் கலைக்கச் சொல்லுதியளே" என்று சண்முகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "அண்ணே, இந்தக் கூட்டத்துல எவனாவது இடிச்சிருவான். இதை இப்படியே பத்திரமா வீட்டுல கொண்டுபோயி வெச்சிட்டு, சட்டுன்னு சாப்பிட வந்துரு. உனக்குத் தலைவாழை இலை போட்டு வைக்கேன். நீ வராம இங்க ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க."

தங்கச்சி வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். வெள்ளத்துரை தட்டுவாரா? சட்டியை மறுபடியும் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டார். வேகத்தடைக்கு அந்தப் பக்கம் மெத்தையும் தலையணையும் தயாராகின. அப்போது கோமதிநாயகம் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம். வரும்போது சின்னக் குழியெல்லாம் இடது பக்கம், பெரிய பள்ளமெல்லாம் வலது பக்கம். இப்ப வண்டியைத் திருப்பினா என்ன ஆவும்?"

பால்வண்ணத்துக்கு முகம் வெளிறியது. "எல்லாம் பக்கம் மாறிரும். பெரிய பள்ளம் உம்ம தலையணைக்கு வந்துரும்."

"நீங்க ரெண்டு பேரும் எடம் மாறிக்கிட்டா?" என்றார் வெள்ளத்துரை.

"நான் வலது பக்கமே ஓடிப் பழகிட்டேனே" என்றார் தளவாய். அதுவும் நியாயம்தான். ரோட்டை மாற்ற முடியாது, தளவாயையும் மாற்ற முடியாது.

பால்வண்ணம் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நெற்றியைத் தட்டினார். பிறகு சிரித்தார். "வண்டியைத் திருப்பினாத்தானே பக்கம் மாறும்? திருப்பவே வேண்டாம். ரிவர்ஸ் கியரைப் போடும்!"

அப்படித்தான் புறப்பட்டார்கள். மஞ்சள் ரேஸ் கார் முகத்தைக் கல்யாண மண்டபத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, மெத்தை மெத்தையாக ஓலைப்பாறையை நோக்கிப் போனது. வெள்ளத்துரைக்கு இதில் ஒரு சந்தோஷம். முன்கண்ணாடி வழியே வாசலில் நிற்கிற தங்கச்சியைப் பார்த்துக்கொண்டே போகலாம். பின்னால் எங்கே போகிறோம் என்று பார்க்க வேண்டிய கவலை அவருக்கு இல்லை. அதற்குத்தான் சஸ்பென்ஷன் இருக்கிறதே.

மண்டபத்தில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சனம் சோறில்லாமல் உட்கார்ந்திருந்தது. சாம்பார் வாளிக்காரர் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, பசி தாங்காது. அவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"சம்பந்தி, உங்க அண்ணன் வர எவ்வளவு நேரம் ஆவும்?"

சண்முகவடிவு நெற்றியில் கை வைத்துத் தெருக்கோடியைப் பார்த்தாள். தூரத்தில் மஞ்சள் காரின் முகம் தெரிந்தது. அதற்குள்ளே இருந்து அண்ணன் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அந்தா, வந்துட்டாருல்லா!" என்று பந்திக்குக் கேட்கும்படி கத்தினாள். "அதுக்குள்ள வீட்டுக்குப் போயி வெச்சிட்டுத் திரும்பிட்டாரே. ரேஸ் காருன்னா சும்மாவா! ஏய், எங்க அண்ணன் இலையில சோத்தைப் போடுங்க!"